ஆமாம் சார்... இல்லை சார்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



குரோம்பேட்டை என்ற பெயரை என்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? முன்பாதி இங்கிலீஷ், பின்பாதி தமிழ். குரோம் முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் அந்த ஊருக்கு வந்த பெயர் அது. அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காரர்களுக்காக அங்கே ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் பெயர்தான் அந்தப் பகுதிக்கே நிலைத்துவிட்டது. நெல்லிக்காய்க் கூடையோடு வருகிற ஆயாகூட, ‘சானடோரியம் எறங்கணும், கொஞ்சம் வழி விடுப்பா’ என்று சுத்தமாகச் சொல்கிறார். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். சிக்னல், பிளாட்பாரம், சீசன், பாஸஞ்சர் என்று எத்தனை வார்த்தைகள் நம் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டன! டிக்கெட் எடுக்காமலே!

நம் ஒர்க்ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேத், சக், வைஸ், ஃபைல், டை, டேப்... தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவனும் முதல் வாரத்திலேயே சரளமாகச் சொல்கிறான். ஆக, இங்கிலீஷ் வார்த்தை நமக்கு அந்நியமில்லை. அந்த வார்த்தைகளைக் கோத்து ஒரு முழு வாக்கியம் சொல்லு என்றால்தான் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒர்க்ஷாப்பில் சிங்கம், வைவா ஹாலில் பூனை!

ஏன் இப்படி? நமக்கு மூளை குறைவா? இல்லவே இல்லை. காரணத்தைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

கேள்வி நோட்டு

நான் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருகிறவன். காலை வண்டியில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒன்றாக வருவோம். முதல் வருஷம் இங்கிலீஷ் பேப்பர் சமயத்தில் ஒருத்தனை ஒருத்தன் சந்தேகம் கேட்பது பழக்கமாயிற்று. ‘சின்ஸுக்கும் ஃபாருக்கும் என்னடா வித்தியாசம்?’ ‘ஐ ஆம் ஹேவிங்னு சொன்னா ஏன் சிரிக்கிறாங்க?’ ‘யுனிவர்சிட்டிக்கு முன்னாடி எ-வா, ஆன்-ஆ?’ இந்தக் கேள்விகளையெல்லாம் நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்று வருஷத்தில் நோட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வேறு வேறு டிபார்ட்மென்ட், வேறு வேறு ஊர்ப் பசங்கள் கேட்டாலும் கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப அதே பதினைந்து இருபதுதான்!

பதில் தேடி லைப்ரரிக்குப் போனேன். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பி.சி. ரென், எச். மார்ட்டின் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதியது. பிற்காலத்தில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்தி அமைத்தார். அந்த ரென்தான் 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற சாகச நாவலையும் எழுதியவர் என்றால் நம்புவீர்களா? அவர் புத்தகத்தில் விதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால், ‘நம்ம ஊர்ப் பையன் ஏன் எப்பவும் இதே இடத்துல சறுக்குறான்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. செல்போனில் தட்டினாலும் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே பையன் அதே இடத்தில் மறுபடியும் சறுக்குகிறான்.

பதில் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? பரண்மேல் கிடந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில்! எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு, வினா, விடை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனோமே, அந்த இலக்கணத்தில்தான்.

ஒரே ஒரு ‘யெஸ்’

இதைத் தேட வைத்தது ஒரு சம்பவம். இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் பெஞ்ச்சில் உட்காருகிற நண்பன் போனான். அவன் அப்பா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புச் சாமான் பரப்பி வியாபாரம் செய்கிறவர். அந்தக் குவியலிலேயே வளர்ந்த பையன். பழைய வெர்னியரைக் கையில் எடுத்ததுமே ஜீரோ எரர் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவான். லேத்தில் அவன் மாதிரி திரெட் வெட்ட எங்கள் பேட்சில் ஆள் கிடையாது. நாலு செமஸ்டரும் ஆல் கிளியர்.

டெக்னிக்கல் கேள்விகளை எப்படியோ சமாளித்துவிட்டான். கடைசியில் அந்த அதிகாரி ஃபைலை மூடிக்கொண்டே, ‘யூ டோன்ட் ஹேவ் எனி அரியர்ஸ்?’ என்று கேட்டார். இவன் பளிச்சென்று ‘யெஸ் சார்!’ என்றான். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, ‘ஓகே, யூ கேன் கோ’ என்றார்.

சாயங்காலம் லிஸ்ட் போட்டார்கள். இவன் பெயர் இல்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் ஆசிரியர் ஒருவர் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ‘அரியர் இருக்குன்னு அந்தப் பையனே சொன்னானே!’ என்றார்களாம். மார்க் ஷீட்டைக் காட்டலாம் என்றால் அதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

அன்றைக்கு ரயிலில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். ‘மச்சான், அரியர் இல்லையேன்னு கேட்டாரு. ஆமா சார்னு சொன்னேன். இதுல என்னடா தப்பு?’

தமிழில் ஒரு தப்பும் இல்லை, நண்பர்களே! நூற்றுக்கு நூறு சரி. நம் ‘ஆமாம்’, கேட்டவர் சொன்னதோடு ஒத்துப்போகும். ‘அரியர் இல்லையே?’ – ‘ஆமாம், நீங்க சொல்றது சரி, இல்லை.’ இங்கிலீஷ் ‘யெஸ்’ அப்படியல்ல. கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. விஷயம் உண்டா, இல்லையா? உண்டு என்றால் ‘யெஸ்’. இல்லை என்றால் ‘நோ’. அவ்வளவுதான். ஜப்பானியர்களுக்கும் நம்மைப்போலவே ‘ஆமாம், இல்லை’ பழக்கம்தான். அவர்களும் இங்கிலீஷ் பேசும்போது இதே இடத்தில் தடுமாறுவார்கள்.

மருந்து நம் நன்னூலிலேயே இருக்கிறது. வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று படித்தோமே! ‘கடைக்குப் போவாயா?’ என்றால் ‘போவேன்’ என்பது நேர் விடை. ‘போகமாட்டேன்’ என்பது மறை விடை. இரண்டிலும் வெறும் தலையாட்டல் இல்லை பாருங்கள்! வினைச்சொல்லே பதிலாக வருகிறது. இங்கிலீஷிலும் அதையே செய்யுங்கள். ‘யெஸ்’ அல்லது ‘நோ’வோடு நிறுத்தாமல், ‘நோ சார், ஐ டோன்ட் ஹேவ் எனி அரியர்ஸ்’ என்று வாலையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், எந்த அதிகாரியும் தவறாகக் குறிக்க முடியாது. போன மாதம் வேறொரு இடத்துக்குப் போன என் நண்பன் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தான். இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் இந்தத் தடவை ரயிலில் தூங்கிக்கொண்டு வந்தான்.

எனக்கு இருக்கு!

அடுத்தது எல்லோரும் கேட்கிற கேள்வி. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ ஏன் தப்பு?

தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் நம் அன்றாடப் பேச்சில் கிடையாது. ‘எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க’ என்போம். அதாவது நான்காம் வேற்றுமை ‘கு’ போட்டு, பக்கத்தில் ‘இரு’ வைத்துவிடுவோம். இந்த ‘இருக்கு, இருக்காங்க’ என்ற நிகழ்காலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் ‘ஆம்... ஹேவிங்’ வந்து நிற்கிறது. ஆனால் இங்கிலீஷில் ‘-இங்’ என்பது நடந்துகொண்டிருக்கிற வேலைக்கு. அக்கா இருப்பது ஒரு வேலையா? அது நிலை. ஆகவே ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’.

அப்படியென்றால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ எப்படிச் சரி? அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது. கேன்டீனில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நடந்துகொண்டிருக்கும் வேலை. வேலையா, நிலையா என்று பார்த்தால் போதும். ‘நோ’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘பிலாங்’ எல்லாமே நிலைக் கோஷ்டிதான். ‘ஐ ஆம் நோயிங் ஹிந்தி’ என்றால் காதில் நெருடுவது அதனால்தான்.

ஸ்பேனரும் ஸ்பேனரையும்

‘தி’ எங்கே போடணும், எங்கே போடக்கூடாது? இதுதான் என் நோட்டில் அதிகத் தடவை வந்த கேள்வி. ‘தமிழ்ல தி-யே கிடையாதே, நமக்கு எப்படி வரும்?’ என்று ஒருத்தன் சண்டைக்கே வந்துவிட்டான்.

தனிச் சொல்லாகக் கிடையாது என்பது வாஸ்தவம். ஆனால் அந்த உணர்வு நம்மிடம் இருக்கிறது! ஒர்க்ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் ‘ஸ்பேனர் எடுத்துட்டு வா’ என்றால் ஏதாவது ஒரு ஸ்பேனர் கொண்டுபோவீர்கள். ‘ஸ்பேனரை எடுத்துட்டு வா’ என்றால்? அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மேஜைமேல் கிடக்கிற அந்த ஸ்பேனர். அந்தச் சின்ன ‘ஐ’, இரண்டாம் வேற்றுமை உருபு, அங்கே ‘தி’ செய்கிற வேலையைச் செய்கிறது. முதலாவது ‘பிரிங் எ ஸ்பேனர்’. இரண்டாவது ‘பிரிங் தி ஸ்பேனர்’. எல்லா இடத்துக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. மனிதர்களைச் சொல்லும்போது நாம் எப்படியும் ‘ஐ’ போட்டுவிடுவோம். ஆனால் ‘எது என்று இருவருக்கும் தெரிந்தால் தி’ என்ற அடிப்படை நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

‘எ’, ‘ஆன்’ விஷயத்தில் தமிழன் கொடுத்துவைத்தவன். ‘ஒரு வீடு’, ஆனால் ‘ஓர் ஊர்’ என்று படித்தோமா இல்லையா? உயிரெழுத்தில் ஆரம்பித்தால் ‘ஓர்’. அதே கதைதான் அங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: எழுத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். ‘யுனிவர்சிட்டி’ என்று வாய் ‘யு’ சொல்கிறது. அதனால் ‘எ யுனிவர்சிட்டி’, ‘எ யூ போல்ட்’. ‘எல் ஆங்கிள்’ என்று வாய் ‘எ’ சொல்கிறது. அதனால் ‘ஆன் எல் ஆங்கிள்’. ‘ஹவர்’ என்று தமிழில் எழுதினாலும் வெள்ளைக்காரன் ‘அவர்’ என்றுதான் சொல்வான். அதனால் ‘ஆன் ஹவர்’. ஆக, வாய் சொல்கிற முதல் சத்தம் உயிரா, மெய்யா? அதுவே விடை.

ஏறின ஸ்டேஷனும் போன நேரமும்

‘நான் ரெண்டு வருஷமா தாம்பரத்துல இருக்கேன்.’ இதை ‘ஐ ஆம் இன் தாம்பரம் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று சொல்லாதவர் கையைத் தூக்குங்கள்! இதில் இரண்டு சிக்கல் உண்டு.

முதல் சிக்கல் காலம். நேற்று ஆரம்பித்து இன்றும் தொடர்வதற்குத் தமிழில் நிகழ்காலமே போதும். ‘இருக்கேன்’ என்றாலே முடிந்தது. இங்கிலீஷ் அதற்கென்று தனி உருவம் கேட்கிறது: ‘ஐ ஹேவ் பீன்’.

இரண்டாவது சிக்கல் சின்ஸும் ஃபாரும். ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ஸ் என்பது நீங்கள் ஏறின ஸ்டேஷன். ஃபார் என்பது வண்டியில் உட்கார்ந்திருந்த நேரம். ‘சின்ஸ் மண்டே’, ‘சின்ஸ் ஜூன்’, ‘சின்ஸ் 2023’ எல்லாம் ஏறின இடங்கள். ‘ஃபார் டூ டேஸ்’, ‘ஃபார் டூ இயர்ஸ்’ எல்லாம் பயண நேரம். ஏறின இடத்தைச் சொல்கிறோமா, போன நேரத்தைச் சொல்கிறோமா? கேட்டுக்கொண்டால் வாழ்நாளுக்கும் குழப்பம் வராது.

‘தான்’ செய்த வேலை

‘ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம் ஒன்லி.’ ‘ஹி ஒன்லி டோல்ட் மீ.’ எங்கே திரும்பினாலும் ‘ஒன்லி’! காரணம் நம் ‘தான்’. நம் ‘தான்’ ரெட்டை வேஷக்காரன். சில இடத்தில் அழுத்தம் கொடுப்பான்: ‘நான் தாம்பரம்தான்.’ சில இடத்தில் மற்றதை ஒதுக்குவான்: ‘பத்து ரூபாதான் இருக்கு.’ ‘ஒன்லி’க்கு இரண்டாவது வேலை மட்டும்தான் தெரியும்.

பரிசோதனை சுலபம். ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பாருங்கள். ‘பத்து ரூபா மட்டும் இருக்கு’ – பொருந்துகிறது. ஆகவே ‘ஐ ஹேவ் ஒன்லி டென் ருப்பீஸ்’. ‘நான் தாம்பரம் மட்டும்’ – சிரிப்பு வருகிறதல்லவா? அங்கே ‘ஒன்லி’யைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம்’ என்று கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

‘டிஸ்கஸ் அபவுட்’ இதற்குத் தம்பி. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதில் வரும் ‘பற்றி’தான் ‘அபவுட்’ வேஷத்தில் ஒட்டிக்கொள்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடக்கம். ‘வி டிஸ்கஸ்டு தி பிராஜெக்ட்’ போதும். ஆனால் அதே சொல் பெயர்ச்சொல்லானால் ‘எ டிஸ்கஷன் அபவுட் தி பிராஜெக்ட்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

மைசெல்ஃப்...

இன்டர்வியூவில் முதல் கேள்வியே ‘இன்ட்ரொடியூஸ் யுவர்செல்ஃப்’. நம் ஆள் எழுந்து ‘மைசெல்ஃப் குமார்’ என்பான். தமிழில் ‘நான் குமார்’ என்றால் வாக்கியம் முடிந்தது. ‘குமார்’ என்ற பெயரே பயனிலை. பெயர்ப் பயனிலை என்று படித்தோமே, அதுதான். இங்கிலீஷ் வாக்கியம் வினை என்ற மோட்டார் இல்லாமல் ஓடாது. ‘ஐ ஆம் குமார்’ என்று அந்த ‘ஆம்’ போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும்.

‘மைசெல்ஃப்’ தப்பான வார்த்தை அல்ல. இடம்தான் தப்பு. செய்கிறவனும் நானே, செய்யப்படுகிறவனும் நானே என்றால் அதற்கு வேலை உண்டு. ‘என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்’ – ‘ஐ இன்ட்ரொடியூஸ் மைசெல்ஃப்’. 1913 ஜனவரியில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கிளார்க்காக இருந்த ஓர் இளைஞர், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தன்னை இப்படி அறிமுகப்படுத்திக்கொண்டுதான் கடிதம் எழுதினார். அவர் கணித மேதை ராமானுஜன்! அவருக்கும் இங்கிலீஷுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாததால் உதவித்தொகையை இழந்தவர் அவர். அதற்காகக் கடிதம் எழுதாமல் இருந்துவிட்டாரா?

பாஸ் அவுட் ஆனது யார்?

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2024’ என்று நாம் சொன்னால் நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரர் காதில் ‘2024-ல் மயக்கம் போட்டு விழுந்தேன்’ என்று விழும்! பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறதே, அங்கே பயிற்சி முடிப்பவர்களுக்கு நடப்பது பாஸிங் அவுட் பரேடு. அவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். நமக்கு ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2024’ நல்லது.

எல்லாவற்றையும் தப்பு என்று ஒதுக்கவும் வேண்டாம். ‘பிரிபோன்’ என்று சொன்னால் ‘அப்படி ஒரு வார்த்தையே இல்லை’ என்று மிரட்டுவார்கள். ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘பிரிபோன்’ வேண்டும் என்று அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸுக்கு 1913-லேயே ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் அந்தச் சொல் இருக்கிறது. அதை அதிகமாகப் பயன்படுத்துகிறவர்கள் இந்தியர்கள்தான். ஆகவே வெளியூர்க்காரருக்கு எழுதும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.

இங்கிலீஷ் தோற்ற இடம்

ஒரு நாள் ரயிலில் எலெக்ட்ரிகல் தோழி ஒருத்தி கேட்டாள்: ‘நேரு எத்தனையாவது பிரதமர் – இதை இங்கிலீஷ்ல கேளுங்க பார்க்கலாம்!’ பெட்டியே யோசித்தது. தாம்பரத்தில் ஆரம்பித்து கிண்டி வரைக்கும் யோசித்தது. ‘எத்தனையாவது’ என்ற ஒரே சொல்லுக்கு நேரான சொல் இங்கிலீஷில் கிடையாது! சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். ‘வாஸ் நேரு தி ஃபர்ஸ்ட் ப்ரைம் மினிஸ்டர், ஆர் தி செகண்ட்?’ என்று கேட்கலாம். ‘வீட்டில் நீ எத்தனையாவது பிள்ளை?’ என்பதும் அப்படித்தான்.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே ‘வி’. ‘நாளைக்கு வி ஆர் கோயிங் டு வண்டலூர் ஜூ’ என்றால், கேட்கிறவனும் கூட வரலாமா, இல்லை வழியனுப்ப வேண்டியதுதானா? ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் ஒரே ‘யூ’. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இந்த மாதிரி நுட்பங்களையெல்லாம் வரிசையாக எடுத்துக்காட்டினார். நம் மொழி ஒரு குடும்பம், இங்கிலீஷ் வேறு குடும்பம். ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டுப் பூட்டில் சிக்கிக்கொண்டால் சாவி மட்டமானது என்று அர்த்தமா?

இங்கிலீஷும் நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறது. கட்டுமரம் ‘கேட்டமரன்’ ஆயிற்று. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இன்னொன்று: தேய்ப்பதற்குப் பயன்படும் ‘கொரண்டம்’ என்ற அலுமினா கனிமத்தின் பெயரே நம் ‘குருந்தம்’தான்!

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில் 1950-களில் ஏரோநாட்டிக்கல் படித்தார் ஒரு ராமேஸ்வரத்து மாணவர். அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்ட வேண்டும் என்று தமிழில் எழுதினார். ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசு கிடைத்தது. அந்த மாணவர் அப்துல் கலாம். பின்னாளில், 1999-ல், தன் கதையை இங்கிலீஷில் ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ என்று உலகத்துக்குச் சொன்னவரும் அவரே. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: தமிழில் தெளிவாக யோசிப்பது இங்கிலீஷுக்குத் தடை அல்ல.

ஆகவே நண்பர்களே, சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று சிரிக்கிறவனுக்கும் பெரும்பாலும் காரணம் தெரியாது, கேட்டுப் பாருங்கள்! ஒரு வாக்கியம் தப்பு என்று யாராவது திருத்தினால், திருத்தியதை எழுதிக்கொண்டு, அதன் அடியில் அந்த இடத்தில் நாம் தமிழில் என்ன சொல்வோம் என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கே பிரிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வைவாவில் நீளமாகப் பேச வேண்டாம். எழுவாய், வினை, முற்றுப்புள்ளி. சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு விண்ணப்பம். லைப்ரரி வாசலில் ஒரு சந்தேகப் பெட்டி வையுங்கள். பெயர் போடாமல் கேள்வி போடலாம். வாரம் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம், நாமே உட்கார்ந்து பேசலாம். இன்டர்வியூவுக்கு முன்னால் அந்த ஒரு ‘யெஸ்’ விஷயத்தை யாராவது கேட்டிருந்தால், ஒரு நல்ல டர்னருக்கு அன்றைக்கு வேலை கிடைத்திருக்கும்.

என் கேள்வி நோட்டு இப்போது இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரிகல் தோழர்களிடம் இருக்கிறது. நாங்கள் கல்லூரியை முடித்துப் போனாலும் அது இங்கேயேதான் இருக்கும். வாங்கிப் படியுங்கள். பின்பக்கம் இன்னும் கால்வாசி வெள்ளையாக இருக்கிறது. உங்கள் கேள்வியையும் எழுதுங்கள்.